18 முட்டைக்கு 3 குஞ்சு: ஒரு ஜீப்ரா ஃபிஞ்ச் கூண்டின் கதை

மூன்றாவது குஞ்சு இன்று காலை தானாகவே தினையை உடைத்துத் தின்றது. அப்பனிடம் போய் வாயைப் பிளந்து கெஞ்சவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் நின்று ஒரு மணியை அலகில் உருட்டி உருட்டி, மூன்று தடவை கீழே போட்டு, நாலாவது தடவை உமியைத் துப்பியது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம், இரண்டு கூண்டு, 18 முட்டை, தாய்ப்பறவை பிழைக்குமா என்று விழித்துக் கிடந்த ஒரு ராத்திரி. கணக்கில் மிஞ்சியது 3 குஞ்சு.

"ஃபிஞ்ச்தானே, ஒன்றும் செய்ய வேண்டாம், தானே பெருகும்" என்று வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். நான் ஏதாவது செய்துகொண்டே இருந்ததால்தான் இவ்வளவு நாளானது.

பறவையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளிப் பறவை. திமோர் பக்கத் தீவுகளிலும் இதன் வகை ஒன்று உண்டு. அலகு முதல் வால் வரை 10 செ.மீ., எடை 12 கிராம் சொச்சம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் மெல்லிய வரிகள், விலாவில் பழுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள். பெண் சாம்பல் நிறம், அலகு மட்டும் ஆரஞ்சு. இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே மை வழிந்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. ஆண் மட்டும்தான் பாடும். மற்றபடி இரண்டும் நாள் முழுக்க ரப்பர் பொம்மையை அமுக்கியதுபோல 'மீப் மீப்' என்று பேசிக்கொண்டிருக்கும்.

வட்டக் கூண்டு

முதலில் வாங்கியது வட்டமான, உயரமான, பார்க்க அழகான கூண்டு. அழகுக்காகவே வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு தப்பு. ஃபிஞ்ச் கிளியைப்போலக் கம்பியைப் பிடித்து ஏறாது, பக்கவாட்டில் பறக்கும். குறுக்களவு 35 செ.மீ. உள்ள வட்டத்துக்குள் அதனால் பறக்கவே முடியாது. ஹெலிகாப்டர் மாதிரி மேலும் கீழும் எழும்பிக்கொண்டிருந்தன. உயரம் முழுக்க வீண்.

இரண்டாவது தப்பு கம்பி இடைவெளி. அது கிளி இனங்களுக்கான கூண்டு. ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது இடைவெளி 15 மி.மீ. மூன்றாம் நாள் காலையில் பெண் பறவை திரைச்சீலைக் கம்பியின்மேல் உட்கார்ந்திருந்தது. கூண்டுக் கதவு சாத்தியபடியே இருக்கிறது! ஆண் உள்ளே இருந்து கத்த, இது வெளியே இருந்து பதில் சொல்ல, அரை மணி நேரம். அறையை இருட்டாக்கி, மெல்லிய துணியைப் போட்டுப் பிடித்தேன். ஃபிஞ்சுக்கு இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 10 மி.மீ. இன்னும் நல்லது. அன்றைக்கே அந்தக் கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டி ஒப்பேற்றிவிட்டு, புதுக்கூண்டுக்கு அளவு போட ஆரம்பித்தேன்.

கம்பிவலையும் வினிகரும்

நீளம் 90 செ.மீ., அகலம் 45, உயரம் 50. இந்த அளவுக்குக் காரணம் பறவையல்ல, வலை. அரை அங்குலக் கட்டமுள்ள, துத்தநாகம் பூசிய கம்பிவலை (கால்வனைஸ்டு வெல்டு மெஷ்) எனக்கு 90 செ.மீ. அகலச் சுருளாகக் கிடைத்தது. அதை வெட்டாமல் அப்படியே நீளவாக்கில் மடித்தால் மேல், கீழ், முன், பின் நான்கும் ஒரே துண்டில் வந்துவிடும்: 45 + 50 + 45 + 50, ஆக 190 செ.மீ. இரண்டு பக்க மூடிகளுக்கு 50 செ.மீ. வெட்டி நடுவில் பிளந்தால் போதும். மொத்தம் 240. நான் இரண்டரை மீட்டர் வாங்கினேன். ரொம்பச் சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டதாக நினைப்பு.

மடிப்பதற்கு இரண்டு மர ரீப்பர், இரண்டு சி-கிளாம்ப். மடிக்க வேண்டிய கோட்டில் ரீப்பர்களுக்கு நடுவே வலையை இறுக்கி, கையால் தள்ளி, பிறகு ரப்பர் சுத்தியலால் ஓரம் தட்டினால் மடிப்பு நேராக வரும். முதல் மடிப்பை ரீப்பர் இல்லாமல் முழங்காலில் வைத்து மடித்தேன். அந்த மூலை இன்றைக்கும் வாழைக்காய் மாதிரி வளைந்து நிற்கிறது. மூலைகளை இணைக்கக் கட்டுக்கம்பி சுற்றினேன். கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் பிரித்து, சி-ரிங் போடும் பிளையர் வாங்கி, 4 செ.மீ.க்கு ஒரு ரிங்காக மறுபடி பூட்டினேன். அந்த பிளையரை முதலிலேயே வாங்கியிருந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

கதவு இன்னொரு கூத்து. முன்பக்கத்தில் 12 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டி, வெட்டிய துண்டையே கதவாக மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெட்டும்போது சுற்றிலும் ஒரு கட்டம் போய்விடும் என்பது வெட்டிய பிறகுதான் உறைத்தது. கதவு எந்த ஓரத்திலும் சட்டத்தின்மேல் படியவில்லை. ஓட்டை 12 என்றால் கதவு 15 வேண்டும். மிச்சம் கையில் இருந்ததோ 10 செ.மீ. பட்டை. மறுபடி போய் அரை மீட்டர் வாங்கினேன். இந்த அளவுக் கூண்டுக்கு மூன்று மீட்டர் வாங்குங்கள்.

கதவு ஒன்று போதாது, மூன்று வைத்தேன்: தீனிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மேலே மூலையில் கூடு கட்டும் கூடைக்கு ஒன்று. மூன்றும் மேலே தூக்கித் திறக்கும் வகை. கையை எடுத்தால் தன் கனத்திலேயே கீழே விழுந்து மூடிக்கொள்ளும். வெட்டிய முனைகள் அத்தனையையும் அரத்தால் ராவினேன். சலிப்பான வேலைதான், ஆனாலும் உள்ளே கையை விடப்போவது நாம்தான்.

பிறகு வலையைக் கழுவுவது. புது கால்வனைஸ்டு வலையில் துத்தநாகம் அங்கங்கே சொட்டாக உறைந்திருக்கும், வெள்ளையாகத் தூளும் படிந்திருக்கும். பறவை அலகால் கம்பியை நோண்டும்போது அது வயிற்றுக்குள் போனால் விஷம். வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து, கெட்டி பிரஷ்ஷால் ஒவ்வொரு கட்டமாகத் தேய்த்து, நன்றாக அலசி, ஒரு வாரம் வெயிலில் போட்டேன். சொட்டுகளை அரத்தால் சுரண்டி எடுத்தேன். இந்த ஒரு வேலையில் மட்டும் நான் அவசரப்படவில்லை.

அடியில் வலைத்தரை, அதற்கு 3 செ.மீ. கீழே இழுத்து எடுக்கும் தகரத் தட்டு. எச்சமும் உமியும் தட்டில் விழும். செலவில் பாதி வலைக்கே போனது; தட்டும் பிளைவுட்டும் சேர்ந்து கால்வாசி; ரிங், பிளையர், கூடை, கிண்ணங்கள் மிச்சம். பறவை ஜோடிக்குக் கொடுத்தது இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

பிளைவுட் எதற்கு என்றால், அது முதலில் திட்டத்திலேயே இல்லை. நாலு பக்கமும் வலையாக, அறையின் நடுவில் ஒரு ஸ்டூலில் கூண்டை வைத்தேன். யார் குறுக்கே போனாலும் இரண்டும் எதிர்ப்பக்க வலையில் போய் மோதின. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், பழகவில்லை. 6 மி.மீ. பிளைவுட்டை வெட்டிப் பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மூடி, சுவரோரமாகக் கண்மட்ட உயரத்துக்கு ஏற்றினேன். இரண்டே நாளில் மோதல் நின்றது. முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது என்ற தைரியம் அவற்றுக்குத் தேவைப்பட்டது போல.

உட்கார மரக்குச்சி ஐந்து வைத்தேன், எல்லாம் கடையில் வாங்கிய ஒரே கனத்து உருளை. இடமே இல்லாமல் போனது. ஒரு குச்சியிலிருந்து அடுத்ததற்குத் தத்தின, அவ்வளவுதான். 90 செ.மீ. கூண்டு கட்டிவிட்டு அதை நானே 20 செ.மீ. ஆக்கியிருக்கிறேன். மூன்றைக் கழற்றி, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று மட்டும் விட்டேன். நடுவில் 60 செ.மீ. காலி. அந்த இரண்டையும் பிற்பாடு மருந்தடிக்காத மரத்தின் கிளைகளாக மாற்றினேன், 8 முதல் 14 மி.மீ. வரை கனம் மாறும் கிளைகள். ஒரே கனத்தில் எப்போதும் நின்றால் கால் புண்ணாகும் என்பார்கள். தண்ணீர்க் கிண்ணம் குச்சிக்கு நேர் கீழே இருந்ததால் தினமும் அதில் எச்சம் விழுந்தது. அதைக் கவனிக்க எனக்கு ஒன்பது நாளானது. கிண்ணத்தை நகர்த்திய பிறகு பார்க்க ஒரு வேடிக்கை கிடைத்தது: இந்தப் பறவை கோழிபோல வாயில் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்காது. புறாபோல அலகை அமிழ்த்தி உறிஞ்சும்.

அடுக்குமாடி

கூடை, பின்னிய உருண்டை வகை. குறுக்களவு 12 செ.மீ., வாய் 5 செ.மீ. மேல்மூலையில், பிளைவுட் பக்கமாக மாட்டினேன். பஞ்சும் நூலும் கொடுத்தால் மெத்தென்று இருக்குமே என்று பழைய சணல் நூலைக் கொஞ்சம் போட்டேன். மறுநாள் ஆண் பறவை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தீக்குச்சியைவிட மெல்லிய கால், அதில் நூல் மூன்று சுற்று. ஒரு கையில் பறவையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் நகம்வெட்டும் கத்தரியை நுழைக்க வேண்டும். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிப்பது தனித்தனித் துடிப்பாக இல்லை, ஒரே அதிர்வாக இருந்தது. கால் தப்பியது. நூல் அத்தனையும் குப்பைக்குப் போனது. அதன் பிறகு தேங்காய் நார்தான். அதையும் 8, 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டித்தான் கொடுக்கிறேன்.

நாரை அவை எடுத்துக்கொண்டு போன வேகத்தைப் பார்க்க வேண்டும். ஆண் தன் உடம்பைவிட நீளமான ஒரு நாரின் நடுவைக் கவ்வி, கூடை வாயில் குறுக்காக மாட்டிக்கொண்டு, பின்வாங்கி, தலையைச் சாய்த்து, மறுபடி நுழையும். உள்ளே பெண் வாங்கி அடுக்கும். எனக்கு அதைப் பார்ப்பதே காலை வேலையாகிவிட்டது. தினம் ஒரு பிடி நார் போட்டேன். தினமும் தீர்ந்தது. நல்ல உழைப்பாளிகள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கூடைக்குள் எட்டிப் பார்த்தால் கோபித்துக்கொண்டு விட்டுவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் பார்க்கவே இல்லை. இரண்டும் மாறி மாறி உள்ளே போய் உட்கார்ந்தன. பகலில் மாற்று ஷிப்ட், ராத்திரி இரண்டும் உள்ளே. 12 முதல் 14 நாளில் பொரிக்க வேண்டும். 20 நாள், 30 நாள், சத்தமே இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கூடையைக் கழற்றினேன். கை வைத்ததுமே கனம் தெரிந்தது.

பிரித்தால், மேலே நார், அதற்குக் கீழே 3 முட்டை. அதற்குக் கீழே விரல்கனத்துக்கு நார், பிறகு 4 முட்டை. மறுபடி நார், அடியில் 5 முட்டை. மூன்று மாடி! அடியில் இருந்தவை பழுப்பேறி, ஒன்று உடைந்து நாறிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்த நாரைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 41 கிராம். பறவைகள் இரண்டும் சேர்ந்தே 25 கிராம்தான்.

விஷயம் இதுதான். இது மழையை நம்பி வாழும் நாட்டுப் பறவை. மழை பெய்து புல் விதைகட்டினால் உடனே கூடு கட்டி முட்டையிடத் தயாராக இருக்க வேண்டும்; நல்ல காலம் எப்போது முடியும் என்று தெரியாது. ஆகவே, கண்ணெதிரே தீனியும் தண்ணீரும் நாரும் இருக்கும்வரை இதன் உடம்பு 'கட்டு, இடு' என்றுதான் சொல்லும். முட்டை இருக்கிறதே என்று நிறுத்தாது. முட்டையின் மேலேயே மெத்தை போட்டு அடுத்த ஈடு இட்டுவிடும். முதல் முட்டையைப் பார்த்த அன்றே நாரை நிறுத்தியிருக்க வேண்டும். நானோ தினம் ஒரு பிடி போட்டுப் புதைக்க உதவியிருக்கிறேன்.

கணவாய் ஓடு

கூடையை எடுத்துவிட்டு ஆறு வாரம் ஓய்வு கொடுத்தேன். இரண்டு மாதத்தில் 12 முட்டை என்பது 12 கிராம் பறவைக்கு அதன் எடைக்குச் சமமான உற்பத்தி. ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய ஒரு கிராம். இதை நான் யோசித்தது தாமதமாகத்தான்.

இரண்டாம் சுற்றில் கூடை மாட்டிய ஒன்பதாம் நாள், பெண் பறவை கூண்டின் தரையில் மூலையில் உட்கார்ந்திருந்தது. உப்பிய பந்துபோல, கண் பாதி மூடி, வால் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. வயிற்றின் அடி வீங்கியிருந்தது. முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. ஞாயிறு இரவு, பறவை பார்க்கும் மருத்துவர் மறுநாள்தான். கிடைத்த அட்டைப்பெட்டியில் பாதிக்கு மேல் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மறுபாதியை நிழலாக விட்டேன், சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளட்டும் என்று. தெர்மாமீட்டர் 30, 31 டிகிரியில் நின்றது. வயிற்றை அமுக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்காதது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. உள்ளே முட்டை உடைந்தால் பறவை போய்விடும்.

விடிகாலை ஐந்து மணிக்குப் பெட்டிக்குள் ஒரு முட்டை கிடந்தது. விரல் பட்டதும் அமுங்கியது. ஓடு இல்லை, தோல்தான். பறவை தினை கேட்டது.

கால்சியம் போதவில்லை என்பது புரிந்தது. ஆனால் கணவாய் ஓடு, நம் ஊர் மருந்துக்கடையில் கடல்நுரை என்பார்களே அது, கூண்டு கட்டிய நாளிலிருந்தே மாட்டியிருக்கிறதே! போய்ப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை, புதுசுபோல. அதற்கு ஒரு பக்கம் மெத்தென்று சுண்ணாம்புபோல இருக்கும். மறுபக்கம் வழவழப்பான கெட்டி ஓடு. நான் கெட்டிப் பக்கத்தை உள்ளே பார்த்து மாட்டியிருக்கிறேன். ஏழு மாதமாக இந்தப் பறவைகள் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. திருப்பி மாட்டினேன். அன்று மாலைக்குள் நகம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

கூடவே, அடுப்பில் வறுத்துப் பொடித்த முட்டை ஓடு, ஒரு சிறு மூடியில். வாரம் இரண்டு நாள் வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்துக் கொடுக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், கெட்டுவிடும். இதிலும் ஒரு நுணுக்கம்: அடை உட்கார்ந்த பிறகு முட்டைத்தீனியை நிறுத்திவிட வேண்டும். சத்து கூடினால் மறுபடி 'நல்ல காலம்' என்று நினைத்து அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். குஞ்சு பொரித்த அன்றிலிருந்து மறுபடி தினமும் தரலாம்.

தீனிக் கிண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கே அவமானமான விஷயம். ஃபிஞ்ச் உமியை அங்கேயே கிண்ணத்தில் துப்பும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பதுபோலத் தெரியும். ஊதிப் பார்த்தால் எல்லாம் பறக்கும். ஒருமுறை ஒரு பகல் முழுக்க வெறும் உமியை வைத்திருந்திருக்கிறேன். இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினி தாங்குவதே கஷ்டம். இப்போது காலையும் மாலையும் ஊதிவிட்டுத்தான் மறுவேலை.

மூன்றாம் சுற்று

இன்னொரு இரண்டு மாத ஓய்வு. கூடையைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்து, இந்த முறை நானே பாதி வரை நாரை அடைத்து நடுவில் குழி செய்து மாட்டினேன். கூண்டுத் தரையில் இரண்டு பிடி நார். அதோடு சரி.

நாட்குறிப்பிலிருந்து:

5ஆம் நாள், முதல் முட்டை. வெள்ளை, ஒன்றரை செ.மீ. நீளம். தரையில் மிச்சம் கிடந்த நாரையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். ஆண் பறவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

6 முதல் 9, தினம் காலையில் ஒன்று. மொத்தம் 5. நான்காவது முட்டைக்குப் பிறகுதான் நிலையாக அடை உட்கார்ந்தன.

10ஆம் நாள், ஆண் பறவை கிண்ணத்தருகே உதிர்ந்த தன் இறகையே தூக்கிக்கொண்டு போகிறது. தரையை இரண்டு வேளையும் பெருக்க ஆரம்பித்தேன்.

15ஆம் நாள், இரண்டும் தீனிக்கு இறங்கிய நேரத்தில் கூடை வாயில் பென்சில் டார்ச் பிடித்துப் பார்த்தேன். முட்டைக்குப் பின்னால் விளக்கு வந்ததும் நான்கில் சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசைகிறது. ஒன்று கூமுட்டை, பல்புபோலத் தெளிவாக இருந்தது. அதை எடுக்கவில்லை. பக்கத்து முட்டைகளுக்கு ஒரு முட்டுக்கொடுத்தாற்போல இருந்துவிட்டுப் போகட்டும். முழுதாக நாற்பது விநாடி. கதவை இறக்கிவிட்டு வந்தேன், இரண்டு நிமிடத்தில் பெண் உள்ளே போய்விட்டது. இனி பொரிக்கும்வரை கூடையைத் தொடுவதில்லை.

20ஆம் நாளிலிருந்து நல்ல வெயில். பிற்பகல்களில் கூடைக்குள் இருந்து வழக்கமான 'மீப்' இல்லாமல், மெல்லிய, வேகமான ஒரு குரல் கேட்டது. பொரிக்கப்போகும் கடைசி நாட்களில், வெப்பம் கூடும்போது இந்தப் பறவைகள் முட்டைக்குள் இருக்கும் குஞ்சைப் பார்த்துத் தனியாக ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டுப் பிறந்த குஞ்சுகள் வெப்பத்துக்கு ஏற்றபடி சிறிய உடம்போடு வளர்கின்றன என்று 2016இல் ஆஸ்திரேலியாவில் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டது அதுதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைப் படித்த பிறகு கூண்டை மதிய வெயில் எட்டாத பக்கம் நகர்த்த மனம் வந்தது.

21ஆம் நாள், கூண்டின் தூர மூலையில் பாதி முட்டை ஓடு கிடந்தது. காதைக் கூடைப் பக்கம் வைத்தால், காகிதத்தை நகத்தால் கீறுவதுபோல ஒரு ஒலி. 2 குஞ்சு. 22இல் ஒன்று, 23இல் ஒன்று.

25ஆம் நாள் இரண்டாம் தடவையாகப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தோல், மேலே பழைய தூரிகை மயிர்போல நாலைந்து மென்மயிர். கழுத்தின் ஓரத்தில் தீனிப்பை, தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே தினைமணிகள் பாலிதீன் பையில் போட்டதுபோல ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. வாயைப் பிளந்தால் அண்ணத்தில் கரும்புள்ளிகள். இருட்டில் ஊட்ட அதுவே அடையாளம். மூன்றின் பை நிறைந்திருந்தது. கடைசியாகப் பொரித்ததன் பை காலி. மூத்தவை கழுத்தை நீட்டினால் இதன் தலை அவற்றின் தோளுக்குக்கூட எட்டவில்லை. மறுநாள் அது தரையில் கிடந்தது.

தினைக் கணக்கு இப்படிப் போனது: ஜோடி மட்டும் இருந்தபோது நாளுக்கு இரண்டு டீஸ்பூன். பொரித்த இரண்டாம் வாரத்தில் ஐந்து. அதற்கு மேல் முட்டைத்தீனி, ஒரு நாள் ஊறவைத்து முளைவிட்ட தினை, கீரை. அப்பனும் அம்மாவும் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடின.

18 நாள் வயதில் கூண்டுத் தரையில் இருந்த வலையின்மேல் அட்டை விரித்தேன். கூடையிலிருந்து இறங்கும் குஞ்சுக்குப் பறக்கத் தெரியும், இறங்கத் தெரியாது. கால் வலைக் கட்டத்துக்குள் போய் முறுக்கிக்கொள்ளலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் பாதி உயரத்துக்குக் கூழாங்கல் நிரப்பினேன், ஒரு செ.மீ. தண்ணீர் மட்டும் நிற்கும்படி. முதல் குஞ்சு 19ஆம் நாள் வெளியே வந்தது, மற்ற இரண்டும் மறுநாள். வந்ததும் நேராகப் போய் எதிர்ச்சுவர் பிளைவுட்டில் மோதி, சறுக்கி, அந்தக் கிண்ணத்திலேயே விழுந்தது முதல் குஞ்சு. கல்மேல் நின்று உடம்பை உதறிக்கொண்டது.

மூன்றும் ஒரே சாம்பல் நிறம், அலகு கறுப்பு. எது எது என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் கால்வளையம் போட்டேன், வெள்ளை, மஞ்சள், நீலம். சிவப்பையும் பச்சையையும் வேண்டுமென்றே தவிர்த்தேன். 1980களில் நான்சி பர்லி என்ற ஆய்வாளர், பெண் ஃபிஞ்சுகள் சிவப்பு வளையம் போட்ட ஆண்களை விரும்புவதாகவும் பச்சையை ஒதுக்குவதாகவும் எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் செய்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. இருந்தாலும் ஒருவனின் கல்யாண வாய்ப்பில் நான் ஏன் கை வைக்க வேண்டும்?

அடுத்த முறை

கூண்டை இதே அளவில்தான் கட்டுவேன், ஆனால் நடுவில் செருகி எடுக்கும் பிளைவுட் தடுப்பு ஒன்றோடு. இப்போது அது இல்லாததால் குஞ்சுகளைப் பிரிக்கப் பழைய வட்டக் கூண்டையே கொசுவலையோடு தூசி தட்டியிருக்கிறேன். 35 நாள் வயதில் பிரிப்பதாக முதலில் எண்ணம். ஆனால் ஆண் குஞ்சு தன் பாட்டை அப்பனைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் கேட்டதுதான் ஆயுசுக்கும். இந்தப் பாட்டுக் கற்றலுக்காகவே விஞ்ஞானிகள் இதை விடாமல் ஆராய்கிறார்கள். 2010இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வெளியிட்டபோது, பறவைகளில் கோழிக்கு அடுத்து இரண்டாவது இதுதான். மஞ்சள் வளையத்தின் கன்னத்தில் ஆரஞ்சு மயிர் இரண்டு எட்டிப் பார்க்கிறது. தொண்டைக்குள் குறட்டைபோல ஏதோ முனகிப் பார்க்கிறது. ஆகவே வட்டக் கூண்டைப் பெரிய கூண்டுக்குப் பக்கத்திலேயே, காது கேட்கும் தூரத்தில் வைக்கப்போகிறேன்.

வலைத்தரையை அரை அங்குலத்துக்குப் பதில் கால் அங்குலமாகப் போட்டிருக்கலாம். ஒரு சுண்டெலிக் குட்டி ராத்திரியில் தட்டு வழியாக வந்து தினை தின்றுவிட்டுப் போவதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன். இப்போதைக்குத் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தில் தகரப் பட்டை அடித்திருக்கிறேன்.

கூடையை, குஞ்சுகள் ராத்திரி தூங்க அதற்குள் திரும்பிப் போவதை நிறுத்திய அன்றே எடுத்துவிட்டேன். நார் ஒரு இழைகூடக் கூண்டில் இல்லை. தரையை மூன்று வேளை பார்க்கிறேன். தாய்க்கு ஆறு மாதம் ஓய்வு என்று காலண்டரில் எழுதியும் வைத்தாயிற்று.

மூன்றாவது குஞ்சு தினை உடைத்ததைச் சொன்னேன் அல்லவா? அது ஏன் விளிம்பிலேயே நின்றது என்று பிறகுதான் எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தின் நடுவில், தினையைக் குழியாக ஒதுக்கி, ஒரு இறகின்மேல், வெள்ளையாக, பத்தொன்பதாவது.